காலை மந்தத்துக்குக் காரணம் இரவில் இருக்கிறது

வணக்கம். குரூப் 2 தேர்வுக்காக 4.30-க்கு எழுந்தும் பத்து மணிவரை மந்தமும் எரிச்சலும் விடவில்லை, படுப்பது 12 மணிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். நாலரை மணி நேரத் தூக்கத்தை எந்தக் காலைப் பழக்கமும் ஈடுகட்டாது. குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். பதினொன்றுக்குப் படுத்து ஆறுக்கு எழுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான்.

எழுந்ததும் போனைத் தொடாமல், தண்ணீர் குடித்துவிட்டு மொட்டைமாடியில் 20 நிமிடம் நடங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டு டியூப்லைட் தருவது சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மட்டும்தான். பொழுது விடிந்தபின், மேகமூட்டமாக இருந்தாலும், வெளியே அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. உடலின் கடிகாரம் அதை வைத்துத்தான் நேரத்தைச் சரிசெய்கிறது. இரவில் தூக்கமும் சீக்கிரம் வரும். ஜன்னலோரம் உட்கார்வது போதாது.

எழுந்த முதல் அரைமணி மூளை மந்தமாக இருப்பது இயல்பு. அப்போது கணக்குப் போட உட்காராதீர்கள். குளித்து, இட்லியோடு ஒரு முட்டையோ சுண்டலோ சாப்பிட்டு, 7.15-க்குக் கடினமான பாடத்தை எடுங்கள்: 50 நிமிடம், போன் அடுத்த அறையில். காலைக் காபியால் கெடுதல் இல்லை. மதியம் 3-க்குப் பிறகு வேண்டாம். குடித்த காஃபீனில் ஏறக்குறைய பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

இரண்டு வாரம் இப்படி நன்றாகத் தூங்கியும் சோர்வு குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.