ஜப்பானில் ஒரு குடும்பத்தோடு தங்கப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

மூன்று பயணம், மூன்று வீடு. இரண்டு தெற்கே கியூஷு தீவில் விவசாயக் குடும்பங்கள், ஒன்று நாரா நகரத்துப் பக்கம். வந்த கேள்விகளுக்குத் தெரிந்த வரைக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, 'மின்பாகு' என்று தேடினால் ஆயிரம் வீடு வருகிறது. எல்லாவற்றிலும் குடும்பம் இருக்குமா?

இருக்காது. மின்பாகு என்றால் வீட்டைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவது, அவ்வளவுதான். பல இடங்களில் காலி அபார்ட்மென்ட், ஒரு பெட்டிக்குள் சாவி, அவ்வளவுதான். 2018 ஜூனில் வந்த சட்டப்படி இப்படி வாடகைக்கு விடும் வீட்டுக்குப் பதிவு எண் இருக்க வேண்டும், வருடத்துக்கு 180 நாள்தான் விடலாம். எண் போடாத விளம்பரத்தைத் தொடாதீர்கள். குடும்பம்தான் வேண்டும் என்றால் 'நோகா மின்பாகு' என்று தேடுங்கள், அது விவசாயி வீட்டில் தங்குவது. ஒய்ட்டா மாகாணத்தில் இருக்கும் அஜிமு இதற்குப் பேர் போன ஊர், 1990களிலிருந்தே செய்கிறார்கள். பத்து தடவை வந்து தங்கினால் நிஜச் சொந்தக்காரர் என்று அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் இன்னும் இரண்டில்தான் நிற்கிறேன்.

கேள்வி: நான் சுத்த சைவம். 'நோ மீட்' என்று சொன்னால் போதுமா?

போதவே போதாது! இதில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். இறைச்சி வேண்டாம் என்றால் மீன் சாப்பிடுவீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள், மீனும் வேண்டாம் என்றால் துண்டு மீன் இல்லாமல் சமைப்பார்கள், ஆனால் மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப்புக்கு அடிப்படையாக இருக்கும் 'தாஷி' என்ற சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷியில் எடுத்ததாக இருக்கும். கட்சுவோபுஷி வேறொன்றுமில்லை, நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி, இரண்டும் சூரை மீன்தான். ஜப்பானியக் குழம்புக்குக் கடையில் வாங்கும் மசாலாக் கட்டியிலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கலாம். அதனால் புக் செய்யும்போதே ஒவ்வொன்றாக எழுதி அனுப்புங்கள்: இறைச்சி, மீன், மீன் தாஷி, முட்டை. கூடவே, 'கொம்பு' என்ற கடற்பாசியிலும் ஷீதாகே காளானிலும் எடுத்த தாஷி என்றால் சாப்பிடுவேன் என்றும் எழுதுங்கள், ஏனென்றால் எது முடியாது என்று மட்டும் சொன்னால் சமைக்கப் போகும் அந்த வீட்டு அம்மா ஒரு வாரம் தூங்க மாட்டார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்வதுதான் பெரிய தப்பு. அவர் காலையிலிருந்து சமைத்திருப்பார்.

கேள்வி: குளியல் பற்றிப் பயமுறுத்துகிறார்களே?

பயம் வேண்டாம், ஒரே விஷயம்தான். தொட்டிக்கு வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுசாகக் கழுவிக்கொண்டு, அப்புறம் தொட்டிக்குள் இறங்க வேண்டும். தொட்டி ஊறுவதற்கு. அதே தண்ணீரில்தான் வீட்டில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஊறுவார்கள், விருந்தாளியை முதலில் போகச் சொல்வார்கள். முதல் நாள் நான் நல்ல பிள்ளையாகக் குளித்து முடித்து, போகும்போது தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டேன்! வெந்நீர் மொத்தமும் போச்சு. அந்த வீட்டு அம்மா ஒன்றுமே சொல்லாமல் மறுபடி நிரப்பினார், அது திட்டுவதை விட மோசமாக இருந்தது. சில வீடுகளில் மிச்சத் தண்ணீரை மறுநாள் துணி துவைக்கவும் எடுப்பார்கள். மூடியைப் போட்டுவிட்டு வாருங்கள், போதும்.

கேள்வி: செருப்பு விதிகள்?

வாசலில் ஷூவைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தான். உள்ளே ஸ்லிப்பர் தருவார்கள், தாதாமி பாய் போட்ட அறையில் அதுவும் கூடாது. கழிவறைக்குத் தனி ஸ்லிப்பர் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்துவிடாதீர்கள், எல்லோரும் ஒரு தடவையாவது வருவோம்.

கேள்வி: ஜப்பானிய மொழி சுத்தமாகத் தெரியாது, சமாளிக்க முடியுமா அக்கா?

போனில் மொழிபெயர்ப்பு இருக்கிறது, அது பாதி வேலை செய்யும். ஆனால் நான்கு சொல் மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். வெளியே கிளம்பும்போது 'இத்தெகிமஸ்', அதற்கு அப்படியே நேர் அர்த்தம் 'போயிட்டு வரேன்'. வீட்டிலிருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்' என்பார், போயிட்டு வாங்க. திரும்பி வந்ததும் 'ததாய்மா' என்று குரல் கொடுத்தால் உள்ளேயிருந்து 'ஒகாயெரி' வரும். வெறுமனே 'போறேன்' என்று சொல்லக் கூடாது என்று வளர்ந்த நமக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டியதில்லை. நான் முதல் தடவை இத்தெகிமஸ் சொன்ன அன்று அந்த வீட்டுப் பாட்டி நான் தெருமுனை திரும்பும் வரை நின்று கையாட்டினார்.

கேள்வி: ஜனவரியில் போகிறேன், குளிருமா?

வெளியே மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும் குளிரும். வடக்கே இருக்கும் ஹொக்காய்டோ தீவு தவிர மற்ற இடங்களில் பழைய வீடு முழுக்கச் சூடாக்கும் வசதி அரிது, உட்காரும் அறையில் மட்டும் ஹீட்டர் அல்லது 'கொதாட்சு' என்ற, அடியில் ஹீட்டர் வைத்துப் போர்வை போர்த்திய மேசை இருக்கும். தடிமனான சாக்ஸ் எடுத்துப் போங்கள்.

கேள்வி: என்ன பரிசு கொண்டு போகலாம்?

தனித்தனியாகப் பொட்டலம் கட்டிய தின்பண்டம். மைசூர்பாகு அவர்களுக்குத் திகட்டிவிட்டது, முறுக்கு அன்று ராத்திரியே காலி. பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். பிளக் அடாப்டரை மறக்காதீர்கள், அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் மூன்று முள் பிளக் சொருகாது.