கிறிஸ் ஏமன், ராசி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

போன மாதம் உங்கள் தளத்தில் நியூசிலாந்துக் காரோட்ட வீரர் கிறிஸ் ஏமனைப் பற்றி எழுதிய குறிப்பை வாசித்தேன். 96 ஃபோர்முலா 1 ஓட்டங்கள் ஓடியவர், 5 தடவை முதலிடத்தில் நின்று புறப்பட்டவர், ஒன்றில்கூட வெல்லாதவர். அப்படியிருந்தும் அவர் காலத்து முதல் வரிசை ஓட்டுநர்களில் அவரும் ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் வாசித்துக் காட்டினேன். அப்பா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "ராசியில்லாதவன்."

எனக்கு அது போதவில்லை. இத்தனை தடவை வாய்ப்புக் கிடைத்தும் வெல்லாதவரைத் திறமைசாலி என்று எதை வைத்துச் சொல்வது? வென்றவர்களின் கார்களும் பழுதாகித்தானே இருக்கும்? ராசி என்பது தோற்றவருக்கு நாம் கொடுக்கிற ஆறுதல் பரிசு இல்லையா?

இதைக் கேட்பதற்குக் காரணம் என் தம்பி. பத்தொன்பது வயது. கல்முனையில் ஒரு கராஜில் வேலை பழகுகிறான். மோட்டார் சைக்கிளோ காரோ, பந்தயத்துக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் கை நல்ல கை என்று முதலாளியே சொல்கிறார். அம்மா விடுவதாக இல்லை. ஏமனின் கதையை அவனுக்குச் சொல்லலாமா, மறைக்க வேண்டுமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

அப்பா சொன்னதை அவருக்கு முன்பே ஒரு உலகச் சம்பியன் சொல்லிவிட்டார். ஏமன் பிரேதப் பெட்டிக் கடை வைத்தால் ஊரில் சாவே விழாது என்று மரியோ அன்ட்ரெட்டி பகிடியாகச் சொன்னதாகச் சொல்வார்கள். ஏமனைப் பற்றி யார் எழுதினாலும் அந்தப் பகிடி வந்துவிடும். எனக்கு அது பிடிப்பதில்லை. அதைக் கேட்டுச் சிரித்த பிறகு அந்த மனிதர் காருக்குள் இருந்து என்ன செய்தார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

1968 செப்டம்பரில் கனடாவின் மொன்ட் ட்ரெம்ப்ளான்டில் நடந்த ஓட்டத்தை எடுங்கள். 90 சுற்றுகள். ஏமன் பெராரியில் புறப்பட்டதுமே முன்னால் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கிளச் செயலிழந்தது. கிளச் இல்லாமலே கியர் மாற்றி, துரத்தி வந்தவர்களை விட்டு விலகி, 72 சுற்றுகள் வரை அவர்தான் முன்னால். அதற்கு மேல் கியர்ப்பெட்டி தாங்கவில்லை. ஓட்டப் பட்டியலில் இதற்கெல்லாம் கிடைத்தது "முடிக்கவில்லை" என்ற ஒரு குறிப்பு மட்டும்.

கிளச் இல்லாமல் ஓட்டுவது என்ன வேலை என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். யுத்த காலம். பதுளை வீதியில் கரடியனாற்றிலிருந்து செங்கலடிக்கு நெல் மூட்டை ஏற்றி வந்த பழைய லொறி. நான் முன் சீட்டில். பாதி வழியில் கிளச் பெடல் தொப்பென்று கீழே போய் அப்படியே கிடந்துவிட்டது. நிறுத்திப் பழுது பார்க்க முடியாத இடம், பொழுதும் சாய்கிறது. ஓட்டுநர் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்சிலேட்டரில் இருந்து காலை மெல்லத் தளர்த்தி, கியரை வெளியே எடுத்து, இஞ்சின் சத்தம் இறங்கி ஒரு சுருதிக்கு வரும்வரை பொறுத்து, அந்தக் கணத்தில் இரண்டு விரலால் தள்ளினார். ஒரு கீறல் சத்தம் இல்லாமல் விழுந்தது. "சத்தத்தக் கேட்டாத் தெரியும் தம்பி, பல்லு தானாப் பொருந்தும்" என்றார். கறுத்தப்பாலச் சோதனைச்சாவடியில் நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தினார். இறங்கி, மூட்டைகளைக் காட்டி, திரும்ப ஏறி, இஞ்சினை அணைத்த நிலையிலேயே முதலாம் கியரில் போட்டு ஸ்டார்ட் அடித்தார். லொறி குலுங்கிக்கொண்டு நகர்ந்தது. செங்கலடிச் சந்தி வரும்போது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அது மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்தில், நேரான வீதியில். அதையே வளைவுக்கு வளைவு, உலகின் மிகச் சிறந்தவர்கள் துரத்திக்கொண்டிருக்க, ஒரு மணி நேரத்துக்கு மேலாகச் செய்தவர் ஏமன். எதை வைத்துத் திறமை என்று சொல்வது என்றீர்களே, இதை வைத்துத்தான். பெராரியின் தலைமைப் பொறியியலாளர் மவுரோ ஃபோர்கியரி, தான் வேலை செய்த சோதனை ஓட்டுநர்களில் ஏமனே சிறந்தவர் என்று சொல்லியிருக்கிறார். காரில் எது சரி, எது பிழை என்று ஓட்டி வந்து இறங்கிச் சொல்லக்கூடிய ஆள். கராஜில் வேலை பழகும் உங்கள் தம்பிக்கு அதன் பெறுமதி விளங்கும்.

வெல்லத் தெரியாதவர் என்றும் சொல்ல முடியாது. 1969 தொடக்கத்தில் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த டாஸ்மன் தொடரில் அப்போதைய உலகச் சம்பியன் கிரஹம் ஹில்லும் 1970இல் சம்பியனான யோகன் ரின்ட்டும் ஓடினார்கள். தொடரை வென்றவர் ஏமன். உலகச் சம்பியன்ஷிப் கணக்கில் சேராத வேறு ஓட்டங்களிலும் வென்றிருக்கிறார். கணக்கில் சேர்ந்த ஓட்டங்களில் 11 தடவை முதல் மூவரில் ஒருவராக வந்தார். 1970இல் பெல்ஜியத்தில் வெற்றி தவறியது 1.1 விநாடியால். 1971இல் இத்தாலியின் மொன்சாவில் கடைசிக் கட்டத்தில் முன்னணியில் இருந்தபோது, தலைக்கவசக் கண்ணாடியில் அழுக்குப் படாமல் இருக்க மேலே ஒட்டியிருந்த மெல்லிய தாளை உரிக்கப் போய், கண்ணாடியே முழுதாகக் கழன்று பறந்தது. அந்த வேகத்தில் காற்று கண்ணில் அடிக்க, 6ஆவதாக வந்தார். அடுத்த ஆண்டு பிரான்ஸின் கிளேர்மொன்ட் பெராண்டில் அவர் முதலிடத்தில் புறப்பட்டு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். எரிமலைக் கற்கள் ஓரமெல்லாம் சிதறிக் கிடக்கும் மலைப்பாதை அது. கல் குத்தி டயரில் காற்றுப் போயிற்று. டயர் மாற்றிக்கொண்டு திரும்ப இறங்கி, அன்றைய அதிவேகச் சுற்றை ஓடி, 3ஆவதாக வந்து சேர்ந்தார். அதே ஓட்டத்தில் ஹெல்முட் மார்கோ என்ற ஆஸ்திரிய ஓட்டுநருக்குக் கல் பட்டு ஒரு கண்ணே போய்விட்டது. அன்றைக்கு அந்தப் பாதையில் ராசியில்லாதவர் யார் என்று அப்பாவிடம் கேளுங்கள்.

இனி நீங்கள் கேட்ட மற்றப் பாதி. அதில் நீங்கள் சொல்வது பெருமளவு சரி. எல்லாப் பழியையும் விதியின் தலையில் கட்ட முடியாது. 1969இல் பெராரி 12 சிலிண்டர்களைப் படுக்கையாக வைத்த புதிய இஞ்சினைச் செய்தது. ஏமன்தான் சோதித்தார். ஓடவிட்ட போதெல்லாம் அது உடைந்தது. மூன்று வருடமாகக் கைக்கு வந்த வெற்றிகளை உடைந்த பாகங்கள் பறித்திருந்த நேரம். பொறுமை போய், பெராரியை விட்டு மார்ச் என்ற புதிய அணிக்குப் போனார். அடுத்த வருடம் அந்த இஞ்சின் சரிப்பட்டு வந்து 4 ஓட்டங்களை வென்றது. பிறகு 1975, 1977, 1979 மூன்று ஆண்டுகளிலும் உலகச் சம்பியன் ஓட்டிய காரில் இருந்தது அந்தப் பரம்பரை இஞ்சின்தான். பின்னர் டெக்னோ என்ற பலவீனமான அணி, அதன் பின் 1974இல் தன் பெயரிலேயே செய்த கார். அந்தக் கார் அவரையும் அவர் பணத்தையும் சேர்த்து விழுங்கியது. இவை அவரே எடுத்த முடிவுகள். ஆனால் 1969இல் அந்த இஞ்சினோடு இருந்து பார்த்த ஒருவர் எடுத்த முடிவை, 1979ஐத் தெரிந்துகொண்டு இருக்கும் நாம் முட்டாள்தனம் என்று சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

ராசி என்ற கணக்கு எவ்வளவு பொல்லாதது என்பதற்கு ஏமனின் மிகப் பெரிய வெற்றியே சாட்சி. 1966இல் லீ மான் 24 மணி நேர ஓட்டத்தை அவரும் புரூஸ் மக்லாரனும் போர்ட் காரில் வென்றார்கள். உண்மையில் கடைசிச் சுற்றுவரை முன்னால் இருந்தது கென் மைல்ஸ் ஓட்டிய மற்றொரு போர்ட். கார்கள் சேர்ந்து வருவதுபோல் படம் எடுக்க வேண்டும் என்று நிறுவனம் விரும்பியது. மைல்ஸ் வேகத்தைக் குறைத்தார். மக்லாரன்–ஏமன் கார் புறப்பட்ட இடம் சில மீற்றர் பின்னால் என்பதால் அதுதான் கூடுதல் தூரம் ஓடியது என்று நடுவர்கள் தீர்த்துவிட்டார்கள். அந்த வருடம் டேடோனா, செப்ரிங் என்ற மற்ற இரண்டு நீண்ட ஓட்டங்களையும் வென்றிருந்த மைல்ஸுக்கு லீ மான் கிடைக்கவில்லை. இரண்டே மாதத்தில் ஒரு சோதனை ஓட்டத்தில் இறந்துபோனார். ஏமனின் ராசி அன்று இன்னொருவரின் தலையில் இடியாக விழுந்தது.

ஏமன் தன்னை ராசியில்லாதவர் என்று நினைக்கவும் இல்லை. கூட ஓடியவர்களை எண்ணிப் பாருங்கள். பெராரியில் சோடியாக இருந்த பண்டினி 1967இல், ஜிம் கிளார்க் 1968இல், மக்லாரனும் ரின்ட்டும் 1970இல், செவேர் 1973இல். எல்லாரும் கார் விபத்தில் முடிந்தவர்கள். 1976இல் ஜேர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நிக்கி லவுடாவின் கார் எரிந்தது. எரிந்த இடத்தைக் கண்ணால் கண்டபின், ஓட்டத்தைத் திரும்பத் தொடங்கியபோது ஏமன் காரில் ஏறவில்லை. அணி கைவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஃபோர்முலா 1 ஓட்டத்திலும் அவர் புறப்படவில்லை. பிறகு ஊருக்குப் போய், ஆறு வயதில் கார் ஓட்டப் பழகிய அதே பண்ணை வாழ்க்கையில் பல வருடம் இருந்து, 2016இல் 73 வயதில் காலமானார். உயிரோடு மிஞ்சியவன் எப்படி ராசியில்லாதவனாவான் என்பதுதான் அவர் கேட்டது.

நம் மொழி பேசும் ஒருவரையும் இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், ஃபோர்முலா 1இல் ஓடிய முதல் இந்தியர். அவருடைய சிறந்த இடம் 2005இல் அமெரிக்காவில் கிடைத்த 4ஆம் இடம். டயர்ச் சிக்கலால் 14 கார்கள் விலக, அன்று ஓடியவை 6 கார்கள் மட்டும். அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. அவருக்கு வேகமான கார் ஒருநாளும் வாய்க்கவில்லை. முதலில் கடைசி மூச்சில் இருந்த ஜோர்டன் அணி, பிறகு ஒரு புள்ளிகூட எடுக்காமலே மூடப்பட்ட எச்ஆர்டி. ஏமனுக்காவது பெராரி கிடைத்தது. வாய்ப்பே கிடைக்காமல் போவது அதைவிடப் பெரிய இழப்பு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடப்பது இரண்டாவதுதான்.

தம்பி விஷயத்துக்கு அதனால்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். கிழக்கில் ஒரு பந்தயப் பாதை இல்லை. தியத்தலாவை, நுவரெலியா, கட்டுக்குருந்த என்று எல்லாமே தூர இடங்கள். திறமை இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்கே நம் பிள்ளை நாட்டைக் குறுக்கறுத்துப் போக வேண்டும். கல்முனை வீதியில் காட்டுகிற வேகம் திறமைக்கு அத்தாட்சி ஆகாது. எதிரே வருகிறவர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவர் இல்லை. அதை மட்டும் அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அம்மாவின் பயத்தையும் பெண்புத்தி என்று தள்ளிவிடாதீர்கள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் புகுந்து, ஒரு சிறுமி உட்பட 7 பேர் இறந்தார்கள். அம்மா அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்.

ஏமனின் கதையைத் தம்பிக்கு முழுதாகவே சொல்லுங்கள், 1969 இஞ்சின் கதையையும் விடாமல். கூடவே இதையும். 1977இல் அமெரிக்கக் கண்டத்தில் கான்-ஆம் என்ற தொடரில் ஓடப் போன ஏமன், இனித் தன்னால் முடியாது என்று இறங்கி, அந்த இருக்கையை ஜில் வில்நெவ் என்ற இளைஞருக்குக் கொடுத்தார். அவர் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, என்சோ பெராரியிடம் அவரைப் பற்றி எடுத்துச் சொன்னார். அந்த வருடமே வில்நெவ் பெராரியில் ஓடினார். தம்பிக்கு இப்போது தேவை அப்படிப் பார்க்கத் தெரிந்த ஒரு கண். முதலாளியின் பாராட்டு நல்லதுதான், ஆனால் அவர் பந்தயக்காரர் இல்லையே. பண்டாரகமவில் கார்ட் என்ற சிறிய பந்தய வண்டி ஓட்டும் பாதை இருக்கிறது. நேரம் குறித்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய இடம். ஒரு விடுமுறையில் கூட்டிக்கொண்டு போய் ஓடவிடுங்கள். பத்துச் சுற்றுகளின் நேரத்தையும் எழுதி வாங்குங்கள். சுற்றுக்குச் சுற்று வித்தியாசம் குறைந்து வருகிறதா என்று பாருங்கள், வேகத்தைவிட அதுதான் முக்கியம். கூட்டமாக ஓடும் பெரிய பந்தயம் பார்க்கப் போவதென்றால் அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள், வளைவின் வெளிப்பக்கத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள். அந்த நேரக் கணக்கை எனக்கும் அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
அண்ணன்