சீரியலைஸ் பண்ணிய சிங்கிள்டன் திரும்ப வரும்போது ஏன் இரண்டாகிறது?

கேள்வி: கிளிநொச்சியில் நெல் வாங்கும் கடை ஒன்றுக்கு ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறேன். விலைப்பட்டியல் ஒரு சிங்கிள்டன், அதாவது ஒரேயொரு ஒப்ஜெக்ட் மட்டும் இருக்க வேண்டிய கிளாஸ். கரண்ட் போனாலும் விலை அழியாமலிருக்க அதைச் சீரியலைஸ் பண்ணி, அதாவது ஒப்ஜெக்டை பைட்டுகளாக்கி, ஃபைலில் வைக்கிறேன். மறுபடி திறந்து சம்பா விலையை மாற்றினால் விலைத் திரையில் மாறுகிறது. பற்றுச்சீட்டில் கோடில் எழுதிய தொடக்க விலையே வருகிறது. ஏன்?

பதில்: மெமரியில் இப்போது இரண்டு விலைப்பட்டியல் இருக்கிறது. ஒப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரை வெளியிலிருந்து கூப்பிட முடியாதபடி பிரைவேட் ஆக்கியது இதைத் தடுக்காது. சீரியலைசபிள் (சீரியலைஸ் பண்ணலாம் என்று குறித்த) கிளாஸை வாசித்தெடுக்கும்போது ஜாவா அதன் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடுவதே இல்லை. ஃபைலில் உள்ள பெறுமதிகளை வைத்துப் புது ஒப்ஜெக்ட் ஒன்றை நேரே நிரப்புகிறது. சிங்கிள்டனைப் பிடித்து வைத்திருக்கும், கிளாஸுக்கே உரிய ஸ்டாட்டிக் ஃபீல்ட் ஃபைலுக்குள் போவதுமில்லை. ஆகவே கிளாஸ் மெமரியில் ஏறும்போது பிறந்த ஒப்ஜெக்டை, சிங்கிள்டனைக் கேட்டு வாங்கும் கெட்இன்ஸ்டன்ஸ் மெதட் தருகிறது, ஃபைலிலிருந்து வந்த மற்றதை, ஃபைலை வாசிக்கும் ரீட்ஒப்ஜெக்ட் மெதட் தருகிறது. பற்றுச்சீட்டு முதலாவதைப் பார்க்கிறது, விலைத் திரை இரண்டாவதைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே ஒப்ஜெக்டா என்று == போட்டு ஒப்பிடுங்கள், ஃபோல்ஸ் வரும். ஈக்வல்ஸ் வேண்டாம், உள்ளே இருக்கும் பெறுமதிகளை ஒப்பிடும்படி அதை நீங்கள் ஓவர்ரைட் பண்ணி (மாற்றி எழுதி) இருந்தால் ட்ரூ என்று ஏமாற்றும்.

வழக்கமாகச் சொல்லும் மருந்து ரீட்ரிசோல்வ், வாசித்தெடுத்த ஒப்ஜெக்டுக்குப் பதிலாக எதைத் தருவது என்று சொல்லும் மெதட். கிளாஸுக்குள் அந்தப் பெயரில் ஒரு பிரைவேட் மெதட் எழுதி, கெட்இன்ஸ்டன்ஸ் தருவதையே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன் ரிட்டர்ன் டைப் ஒப்ஜெக்ட் என்றே இருக்க வேண்டும். விலைப்பட்டியல் என்று போட்டால் கொம்பைல் ஆகும், எரரும் வராது, ஆனால் ஜாவா அந்த மெதட்டைக் கண்டுகொள்ளாது. பலர் மணிக்கணக்கில் தேடுவது இந்த ஒரு சொல்லைத்தான்.

ஆனால் உங்களுக்கு அது மட்டும் போதாது. ரீட்ரிசோல்வ் பழைய ஒப்ஜெக்டைத் திருப்பிக் கொடுத்தவுடன் ஃபைலிலிருந்து வந்தது கைவிடப்படும், அதோடு நேற்று மாற்றிய விலையும் போய்விடும். ஒப்ஜெக்ட் ஒன்றாகும், விலை தொடக்க விலையாகவே நிற்கும். கிளாஸை ஈனம் (enum, பெயரிட்ட நிலையான பெறுமதிகளின் டைப்) ஆக்கினாலும் இதே கதைதான்: ஈனமின் பெயர் மட்டுமே ஃபைலில் எழுதப்படும், ஃபீல்டுகள் எழுதப்படா. நிலை எதுவும் இல்லாத சிங்கிள்டனுக்கு ஈனமை விடச் சுலபமான வழி இல்லை, உங்களுடையது அப்படியல்ல.

நான் சொல்வது, சிங்கிள்டனைச் சீரியலைஸ் பண்ணவே வேண்டாம். அதன் சீரியலைசபிளை எடுத்துவிடுங்கள். நெல் வகை, கிலோ விலை, ஈரப்பத வரம்பு இவற்றை மட்டும் வைத்திருக்கும் சிறிய டேட்டா கிளாஸ் ஒன்று எழுதி, அதை ஃபைலில் போடுங்கள். தொடங்கும்போது சிங்கிள்டன் அதை வாசித்துத் தன் ஃபீல்டுகளை நிரப்பட்டும். டேட்டா கிளாஸில் அதன் பதிப்பு எண்ணான சீரியல்வேர்ஷன்யூஐடி 1 என்று நீங்களே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு கீரிச் சம்பாவுக்கு ஒரு ஃபீல்ட் சேர்த்த அன்றே பழைய ஃபைல், பதிப்பு பொருந்தவில்லை என்ற இன்வேலிட்கிளாஸ் எக்ஸெப்ஷன் காட்டும்.

கரண்ட் பிரச்சினை தனி. எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் ஃபைல் பாதியில் நின்று, அடுத்த முறை ஈஓஎஃப் எக்ஸெப்ஷன் (ஃபைல் பாதியில் முடிந்துவிட்டது என்ற எரர்) வரும். முதலில் வேறு பெயரில் எழுதி முடித்து மூடுங்கள். பிறகு ஃபைல்ஸ் கிளாஸின் மூவ் மெதட்டில், பாதியில் நிற்காமல் ஒரே அடியில் மாற்றும் அட்டோமிக்மூவ் ஒப்ஷன் கொடுத்து உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள்.