13 வயதுப் பூனை நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது. வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

விடக்கூடாது. முதுமை பூனையை மெதுவாக்கும், தூக்கத்தைக் கூட்டும். சாப்பிடச் சாப்பிட இளைக்க வைக்காது. நன்றாகத் தின்கிறது, தண்ணீரும் முன்பைவிட அதிகம் குடிக்கிறது, முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் முதல் சந்தேகம் தைராய்டு மிகைப்பு, அதாவது கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பது. அடுத்தது நீரிழிவு. நாள்பட்ட சிறுநீரக நோயில் பொதுவாகப் பசி குறையும். ஆனால் ஆரம்பக் கட்டத்தில் அது தெரியாமல் போகலாம், வேறொரு நோயோடு சேர்ந்தும் வரலாம். அதனால் மூன்றையும் ஒரே நேரத்தில் பரிசோதிப்பதுதான் சரி.

பூனை வலியையும் சோர்வையும் மறைக்கும் பிராணி. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். கைக்குழந்தைகளுக்கான தராசு 10 கிராம் வித்தியாசத்தையும் காட்டும். நாம் ஏறி நிற்கும் தராசில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று கழித்துப் பார்த்தால் 100, 200 கிராம் பிசகும், அது இங்கே பெரிய பிசகு. 4 கிலோ பூனை 200 கிராம் குறைவது 60 கிலோ மனிதர் 3 கிலோ குறைவதற்குச் சமம். வயிறு தொங்குவதைப் பார்த்து "குண்டாகத்தானே இருக்கிறது" என்று ஏமாறாதீர்கள். முதுகுத்தண்டின் இரு பக்கமும் தொடையும் கரைகிறதா என்று தடவிப் பாருங்கள்.

தண்ணீருக்கும் கணக்கு உண்டு. காலையில் 500 மில்லி ஊற்றி, 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளந்து கழியுங்கள். எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிக்கு மேல் தொடர்ந்து போனால் சந்தேகப்பட வேண்டும், 100 மில்லியைத் தாண்டினால் நோய்தான். ஈர உணவு சாப்பிடும் பூனை சாதாரணமாக மிகக் குறைவாகவே குடிக்கும், அதனால் அங்கே 50 மில்லியே அதிகம். வீட்டில் பல பூனைகள் இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. அப்போது மலஜலத் தட்டில் ஈரம் பட்டால் கட்டியாகும் வகை மணலைப் போட்டு, சிறுநீர் பட்டு உருவாகும் மணல் கட்டிகள் பெரிதாகின்றனவா என்று பாருங்கள்.

மருத்துவரிடம் ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றையும் கேளுங்கள். ரத்தத்தில் க்ரியாட்டினின், எஸ்.டி.எம்.ஏ. (இரண்டும் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள்), டி4 (தைராய்டு ஹார்மோன்), சர்க்கரை. சிறுநீரில் அடர்த்தி, புரதம், சர்க்கரை. ரத்தம் மட்டும் போதாததற்குக் காரணம் உண்டு. க்ரியாட்டினின் தசையிலிருந்து வருவது, தசை கரைந்த பூனைக்கு அது பொய்யாகக் குறைவாகக் காட்டும். சிறுநீரகத்தின் வேலைத்திறன் முக்கால் பங்கு போன பிறகுதான் அது தெளிவாக ஏறும். எஸ்.டி.எம்.ஏ. அதற்கு முன்பே ஏறும். சிறுநீரின் அடர்த்தி 1.035க்குக் கீழேயே இருந்தால், சிறுநீரகம் நீரைச் சேமிக்கத் திணறுகிறதா என்று பார்க்க வேண்டும். பயத்தில் பூனையின் ரத்தச் சர்க்கரை எகிறும் என்பதால், ஒரே ஒரு அளவை வைத்து நீரிழிவு என்று முடிவுகட்டக் கூடாது, கடந்த சில வாரங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தைப் பூனை அடங்கிய பிறகு பல முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். மேல் அளவு மீண்டும் மீண்டும் 160ஐத் தாண்டினால் சிகிச்சை தேவை. கவனிக்காமல் விட்டால் விழித்திரை பிரிந்து திடீரெனக் கண் தெரியாமல் போகும்.

தைராய்டு என்றால் பெரும்பாலும் அந்தச் சுரப்பைக் குறைக்கும் மெத்திமசோல் மாத்திரை. ஆரம்பித்த 2 முதல் 4 வாரத்துக்குள் டி4ஐயும் சிறுநீரக அளவுகளையும் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு மிகைப்பு சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, அங்குள்ள கோளாறை மறைத்து வைக்கும். மருந்து வேலை செய்ததும் அது வெளியே வரும். பலர் இதை "மருந்துதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது" என்று நினைத்துத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு. மூஞ்சியைச் சொறிந்து புண்ணாக்குவது, விடாத வாந்தி இரண்டும் மருந்தின் பக்கவிளைவுகள், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் இந்த மருந்தைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

நீரிழிவில் உயிருக்கே ஆபத்தான பிழை சிரிஞ்சில் நடக்கும். இன்சுலின் யு-40, யு-100 (ஒரு மில்லியில் 40 அல்லது 100 யூனிட்) என இரண்டு செறிவில் வருகிறது, சிரிஞ்சுகளும் அப்படியே. யு-100 மருந்தை யு-40 சிரிஞ்சில் 2 யூனிட் கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். ஒவ்வொரு புதுப் பெட்டியிலும் குப்பி, சிரிஞ்ச் இரண்டின் எண்ணையும் ஒப்பிடுங்கள். ஊசி 12 மணி நேர இடைவெளியில். பூனை சாப்பிடாவிட்டால் முழு அளவு போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். தள்ளாட்டம், நடுக்கம் தெரிந்தால் ஈறில் தேனோ குளுக்கோஸோ தடவிக்கொண்டே புறப்படுங்கள். வலிப்பு வந்தால் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள்.

சிறுநீரக நோயில் உணவுதான் முக்கிய மருந்து. பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவைக் குமட்டல் இருக்கும் நாளில் தொடங்கவே தொடங்காதீர்கள். அந்தக் குமட்டலையும் அந்த உணவையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொண்டு, பிறகு வாயே வைக்காது. வாந்தி அடங்கியதும் பழைய உணவில் கால் பங்காகக் கலந்து, 3, 4 வாரத்தில் முழுதாக மாற்றுங்கள். மாத்திரையை அதில் ஒளித்து வைக்காதீர்கள். எவ்வளவு முயன்றும் தொடவில்லையா, பிடித்த உணவையே கொடுங்கள். பட்டினி கிடப்பது அதைவிடக் கேடு. தோலுக்கடியில் திரவம் ஏற்றச் சொன்னால் பையை உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், குளிர்ந்த திரவம்தான் பூனையைத் துள்ள வைக்கும். அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள், இதயம் பலவீனமாக இருந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 30க்குள் இருக்க வேண்டும். 40ஐத் தாண்டினால் இரவானாலும் கிளம்புங்கள்.

மூட்டுத் தேய்மானமும் இந்த வயதில் பெரும்பாலும் உண்டு. குதிக்கும் முன் தயங்கும், முதுகு ரோமம் சிக்குப் பிடிக்கும், மலஜலத் தட்டுக்கு வெளியே கழிக்கும். விளிம்பு தாழ்ந்த தட்டு வையுங்கள். மனிதர்களின் வலி மாத்திரை கூடவே கூடாது. ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

24 மணி நேரம் முழுதாகச் சாப்பிடாவிட்டால் காத்திருக்காதீர்கள், குண்டுப் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கும். ஆண் பூனை முக்கி முக்கிச் சிறுநீர் வராமல் தவித்தாலோ, பின்னங்கால் திடீரென இழுத்துச் சில்லிட்டாலோ அந்த மணி நேரமே போக வேண்டும்.

உங்கள் பூனைக்கு இந்த வாரத்துக்குள் நேரம் வாங்குங்கள். எடை, தண்ணீர்க் கணக்கு, மூச்சு எண்ணிக்கை மூன்றையும் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள். அங்கே போனதும் பூனை உறைந்து உட்கார்ந்துவிடும் என்பதால், வீட்டில் நடப்பதையும் குதிப்பதையும் கைபேசியில் படம்பிடித்துக்கொள்ளுங்கள். முடிவுகள் நன்றாக வந்தாலும் அடுத்த பரிசோதனையை 6 மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள்.