'பார்டன்' வேறு, 'அக்விட்டல்' வேறு: மன்னிப்பும் கண்டனமும் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்

கே: ஐயா, பார்டன், அக்விட், எக்ஸானரேட் மூன்றுக்கும் அகராதியில் 'விடுவித்தல்' என்றே இருக்கிறது. எதை எங்கே எழுதுவது?

ப: குற்றம் யார்மேல் நிற்கிறது என்று பாருங்கள். 'பார்டன்' என்றால், செய்தவர் இவர்தான் என்று வைத்துக்கொண்டே தண்டனையை நீக்குவது. 'அக்விட்' கோர்ட் மட்டும் செய்வது; விசாரணை முடிந்து, குற்றம் நிரூபணமாகவில்லை என்று விடுவது. 'எக்ஸானரேட்' அதற்கும் ஒரு படி மேலே: இவர்மேல் பழியே இல்லை என்று தெளிவாக்குவது. லத்தீனில் 'ஓனஸ்' என்றால் சுமை, சுமையை இறக்கிவிடுகிறார்கள்.

பிரான்சின் ராணுவ அதிகாரி ட்ரெய்ஃபஸ் வழக்கில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தேசத்துரோகி என்று 1894இல் தண்டித்தார்கள். 1899இல் மறுவிசாரணை, மறுபடியும் குற்றவாளி, ஆனால் 'எக்ஸ்டெனுவேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ்' (கடுமையைக் குறைக்கும் சூழ்நிலை) உண்டு என்று பத்து வருடம் விதித்தார்கள். அதே மாதம் ஜனாதிபதி பார்டன் கொடுத்தார். ஆள் வெளியே வந்தார், துரோகி என்ற பட்டம் போகவில்லை. 1906இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பையே ரத்து செய்ததுதான் எக்ஸானரேஷன். இந்த இரண்டையும் 'விடுதலை' என்ற ஒரே சொல்லில் மொழிபெயர்த்தால், இடையில் அவர் பட்ட ஏழு வருடப் பாடு காணாமல் போகும்.

இன்னொன்று: குற்றச்சாட்டு வனைவதற்கு (கோர்ட் அதை முறைப்படி எழுதிப் பதிவதற்கு) முன்பே விட்டால் அது 'டிஸ்சார்ஜ்'. அதை அக்விட்டல் என்று எழுதாதீர்கள்.

கே: அட்டென்டன்ஸ் குறைந்ததற்குக் காலேஜில் 'கண்டொனேஷன்' கட்டச் சொல்கிறார்கள். அபராதம் என்று அர்த்தமா சார்?

ப: இல்லை தம்பி. 'கண்டோன்' என்றால் குறை இருப்பது தெரிந்தும் பொறுத்து விட்டுவிடுவது. நீங்கள் கட்டுவது அதற்கான ஃபீஸ். கோர்ட்டிலும் இதே சொல்தான்: கெடு தாண்டிய அப்பீலோடு, 1963ஆம் வருட லிமிட்டேஷன் சட்டம் (கால வரம்புச் சட்டம்) 5ஆம் பிரிவில் 'கண்டொனேஷன் ஆஃப் டிலே' மனு போடுவார்கள். அப்பீலுக்கும் மனுவுக்கும்தான் அது. புதிதாகப் போடும் வழக்குக்குச் செல்லாது.

எழுதும்போது, செயலைத்தான் கண்டோன் பண்ண முடியும், ஆளை அல்ல. 'ஐ டோன்ட் கண்டோன் ஹிம்' தவறு. 'ஹிஸ் பிஹேவியர்' என்று முடியுங்கள்.

கே: தூக்கு ஆயுளாக மாறினாலும், பத்து வருடம் எட்டானாலும் 'தண்டனைக் குறைப்பு' என்றே செய்தி வருகிறதே?

ப: அங்கேதான் தடுக்கி விழுகிறோம். தூக்கு ஆயுளானால் தண்டனையின் வகையே மாறுகிறது: 'கம்யூட்'. பத்து எட்டானால் அளவு மட்டும் குறைகிறது: 'ரெமிஷன்'. தூக்கைத் தள்ளிவைத்தால் 'ரிப்ரீவ்'. தண்டனை அப்படியே தலைக்கு மேல் தொங்கும். ஜனாதிபதி, கவர்னரின் மன்னிப்பு அதிகாரத்தைச் சொல்லும் அரசியல் சட்டப் பிரிவுகள் 72, 161 இரண்டிலும் இவை தனித்தனிச் சொற்களாகவே வருகின்றன. முதலாவதைத் 'தண்டனை மாற்றம்' என்று எழுதினால் குழப்பம் தீரும்.

கே: 'கண்டெம்'தான் நம் கண்டனமா?

ப: ஒலி ஒற்றுமைதான். கண்டனம் வடமொழி, வெட்டுவது, உடைப்பது என்ற வேரில் வந்தது. ஆங்கிலச் சொல் லத்தீன். ஆனால் டிப்போவில் 'கண்டம் ஆன பஸ்' என்கிறோமே, அது அசல் 'கண்டெம்ட்' தான்: ஓட்டத் தகுதியில்லை என்று தள்ளியது. கடைசி 'ன்' வாயில் வராது. 'கண்டெம்னேஷன்' என்னும்போது மட்டும் வரும்.

கே: அக்யூஸ், சார்ஜ், பிளேம் பின்னால் என்ன போடுவது?

ப: அக்யூஸ் ஆஃப், சார்ஜ் வித், பிளேம் ஃபார். கன்விக்ட், அக்விட் இரண்டுக்கும் ஆஃப். 'அக்யூஸ்ட் ஃபார் தெஃப்ட்' என்பது தினமும் கண்ணில் படும் பிழை.

கே: லீவ் லெட்டரில் 'மை எக்ஸ்க்யூஸ் இஸ் ஃபீவர்' என்று எழுதலாமா?

ப: வேண்டாம். பெயர்ச்சொல்லாக வந்தால் சாக்கு என்ற வாடை அடிக்கும், 'ரீசன்' போடுங்கள். வினையாக வந்தால் மரியாதைதான்: 'கைண்ட்லி எக்ஸ்க்யூஸ் மை ஆப்சென்ஸ்'. பேசும்போது வினையின் கடைசி ஒலி 'ஜூ'வில் வரும் இசட். பெயரில் வெறும் 'ஸ்'.