ஷார்ட் ஷிஃப்டர் உதிரி பாகம்: எங்கே தேடுவது, என்ன கேட்பது?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் கம்பெனி கியர் லீவரை எடுத்துவிட்டு ஷார்ட் ஷிஃப்டர் (கியர் மாற்ற லீவர் நகர வேண்டிய தூரத்தைக் குறைக்கும் அமைப்பு) போட்டிருக்கிறார்கள். நியூட்ரலில் பக்கவாட்டில் ஆடுகிறது, மூன்றாவது கியரில் ஓட்டும்போது கடகடக்கிறது. இதைத் தயாரித்தவர்கள் தொழிலையே விட்டுவிட்டார்களாம். முழு செட்டையும் மாற்றியே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஷார்ட் ஷிஃப்டரில் அந்தத் தயாரிப்பாளருக்கே உரியது என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் லீவர் ஒன்றுதான். அது எஃகு, அவ்வளவு சீக்கிரம் தேயாது. தேய்வது லீவரில் உள்ள பால் (பந்து போன்ற உருண்டை) உட்காரும் பிளாஸ்டிக் கப், அடிமுனையில் மாட்டும் புஷ் (உராய்வைத் தாங்கும் குழாய் போன்ற உறை), சர்க்லிப் (பாகம் கழலாமல் பிடிக்கும் எஃகு வளையம்), ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஸ்பிரிங் ஆகியவை. பல ஷிஃப்டர்கள் காரின் பழைய ஹவுசிங்கிலேயே உட்காரும்படி செய்யப்பட்டவை என்பதால், கப்பும் அடி புஷ்ஷும் காருக்கு வந்த அதே பாகமாக இருக்க வாய்ப்பு அதிகம். சேஸிஸ் எண்ணையும் கியர்பாக்ஸ் வகையையும் சொல்லி கார் கம்பெனியின் உதிரி பாகக் கடையில் கேளுங்கள். ஒரே மாடலில் 5 கியர், 6 கியர் இரண்டும் வந்திருந்தால் புஷ் மாறும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாலைப் பெரிதாக்கியோ, அடியில் ஸ்பேசர் வைத்துத் தூக்கியோ செய்த வடிவமாக இருந்தால் கம்பெனி கப் பொருந்தாமல் போகலாம். ஆர்டர் கொடுக்கும் முன் பாலை அளந்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால், ஆட்டம் ஷிஃப்டரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் வழியாக கியர் மாறும் கார் என்றால், எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் லீவரை மெல்ல அசைக்கட்டும், இன்னொருவர் கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முனையைக் கவனிக்கட்டும். கேபிள் அசைந்தும் அது மாட்டியிருக்கும் கியர்பாக்ஸ் ஆர்ம் அசையவில்லை என்றால் கேபிள் முனை ரப்பர் போய்விட்டது. ஷிஃப்டரில் எதை மாற்றினாலும் அந்த ஆட்டம் நிற்காது.

லீவர் நேராக கியர்பாக்ஸுக்குள் இறங்கும் வகையில், கழற்றியதும் துவாரத்தைத் துணியால் அடைத்துவிடுங்கள். சர்க்லிப் எகிறி உள்ளே விழுந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டி வரலாம். கழற்றிய வரிசையிலேயே பாகங்களை அடுக்கிப் படம் எடுத்து வையுங்கள். வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பது மறுநாளே மறந்துபோகும்.

கேள்வி: கடையில் எந்தப் பாகம் கேட்டாலும் "என்ன பிராண்ட்?" என்கிறார்கள். பெயர் அழிந்துபோயிருக்கிறது.

பதில்: பிராண்டை விடுங்கள், அளவைச் சொல்லுங்கள். வெர்னியர் காலிப்பர் ஒன்று போதும்.

பாலை மூன்று திசைகளில் அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் பாலே ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. அதில் புது கப் போட்டாலும் ஆட்டம் திரும்ப வரும். புஷ்ஷின் உள்விட்டத்தை நடுவில் அளக்காதீர்கள், தேயாமல் இருக்கும் ஓரத்தில் அளந்து பாருங்கள். ஓ-ரிங்குக்கு உள்விட்டமும் ரப்பரின் தடிமனும் வேண்டும். பழைய ஓ-ரிங் நசுங்கியிருக்கும் என்பதால் அது உட்காரும் பள்ளத்தையும் அளந்து கொடுங்கள். சர்க்லிப்பில் தண்டின் மேல் மாட்டுவது டின் (DIN, ஜெர்மன் தரநிலை) 471, துளைக்குள் மாட்டுவது டின் 472. இரண்டும் ஹார்டுவேர் கடைச் சரக்கு. பேரிங் வைத்த ஷிஃப்டர் என்றால் பேரிங்கின் முகப்பைத் துடைத்துப் பாருங்கள். 608 என்று இருந்தால் அது 8 மி.மீ. உள்விட்டம், 22 மி.மீ. வெளிவிட்டம், 7 மி.மீ. அகலம். எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும்.

போல்ட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்கத் தயாரிப்புகளில் அங்குல மரையும் உண்டு. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., அதாவது எம்8 (8 மி.மீ. மெட்ரிக் போல்ட்) போலவே தெரியும். ஆனால் அதன் முரட்டு மரை அங்குலத்துக்கு 18 சுற்று, பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம்) ஏறக்குறைய 1.41 மி.மீ. எம்8-இன் வழக்கமான பிட்ச் 1.25. மாற்றிப் போட்டால் முதல் ஒன்றிரண்டு சுற்று விரலாலேயே ஏறும், பிறகு இறுகும். "துரு போல" என்று ஸ்பேனர் வைத்துத் திருகினால் அலுமினிய ஹவுசிங்கில் மரை போய்விடும். பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கியர் நாப்புக்கும் (லீவரின் மேல் கைப்பிடிக் குமிழ்) இதே கதைதான்: ஹோண்டாவில் பெரும்பாலும் எம்10, பிட்ச் 1.5, மாஸ்டா எம்எக்ஸ்-5இல் எம்10, பிட்ச் 1.25.

கேள்வி: கப் எங்குமே கிடைக்கவில்லை. லேத்தில் கடைந்து வாங்கலாமா?

பதில்: தாராளமாக. டெல்ரின் என்ற பெயரில் விற்கும் அசெட்டால் கம்பியில் கடையச் சொல்லுங்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சி ஊதும், மழைக்காலத்தில் லீவர் இறுகும். அசெட்டால் அப்படி ஊதுவது மிகக் குறைவு. அடி புஷ்ஷுக்கு எண்ணெய் ஊறிய வெண்கலமும் ஆகும். நீண்ட நாள் உழைக்கும், ஆனால் கியர்பாக்ஸ் சத்தம் கைக்கு வந்து சேரும்.

புஷ்ஷை இறுக்கமாக அழுத்திப் பொருத்தும்போது அதன் உள்துளை சுருங்கும். ஹவுசிங் துளையைவிட 0.1 மி.மீ. பெரிதாகக் கடைந்தால் உள்துளையும் ஏறக்குறைய அதே அளவு குறையும். அதனால் துளையைக் கொஞ்சம் சிறிதாகவே விட்டு, பொருத்திய பிறகு ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) போட்டுச் சரியாக்கச் சொல்லுங்கள். 3டி பிரிண்ட் செய்வதானால் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே அது இளகும், கியர்பாக்ஸ் டனலோ சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது.

கேள்வி: தவறுதலாக ரிவர்ஸ் விழாமல் தடுக்கும் ஸ்பிரிங் உடைந்துவிட்டது. கிட்டத்தட்ட அதே அளவில் ஒன்று போட்டேன், இப்போது ரிவர்ஸ் விழவே கஷ்டமாக இருக்கிறது.

பதில்: "கிட்டத்தட்ட" ஸ்பிரிங்கில் எடுபடாது. மற்ற அளவுகள் மாறாமல் கம்பி மட்டும் 2.0 மி.மீ.-க்குப் பதில் 2.2 ஆனால் விறைப்பு ஒன்றரை மடங்கை நெருங்கும். கம்பித் தடிமன், வெளிவிட்டம், அழுத்தாத நீளம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் கொடுத்து வாங்குங்கள்.

கேள்வி: பாகத்துக்காகவே பழைய ஷிஃப்டர் ஒன்றை வாங்கலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பாலுக்கு அருகில் காலிப்பர் வைத்து எடுத்த படம் கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள். எந்த கியர்பாக்ஸிலிருந்து கழற்றியது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லீவர் நகரும் தூரம் 30 சதவீதம் குறைந்தால் கைக்கு வேண்டிய விசை 1.4 மடங்காகும், அந்தச் சுமை கப்பின் மேல்தான் விழும். எனவே பழைய ஷிஃப்டரோடு வரும் கப்பை இலவசம் என்று நினைக்காதீர்கள், அது குப்பை. "எல்லா காருக்கும் பொருந்தும்" என்று விற்கும் புஷ் செட்டும் நமக்கு வேண்டாம். வாழ்நாள் உத்தரவாதம் என்று இருந்தாலும் பெரும்பாலும் அது முதலில் வாங்கியவருக்கு மட்டுமே, பில் இல்லாமல் கேட்டுப் பயனில்லை.

கேள்வி: பொருத்தும்போது என்ன கிரீஸ்?

பதில்: ரப்பரும் பாலியூரித்தேனும் இருக்கும் இடத்தில் சிலிக்கான் கிரீஸ். சாதாரண கிரீஸ் சில வகை ரப்பரை ஊதவைக்கும். எஃகு பாலும் அசெட்டால் கப்பும் சேரும் இடத்தில் லித்தியம் கிரீஸ் போதும், மெல்லிய பூச்சாக. ஷிஃப்டரில் ஸ்டாப் போல்ட் (லீவர் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் போல்ட்) இருந்தால், கியரை முழுதாகப் போட்டு, போல்ட் லீவரைத் தொடும்வரை திருகி, தயாரிப்பாளர் சொன்ன அளவு பின்வாங்கி லாக் நட்டை இறுக்குங்கள். குறிப்பு இல்லாவிட்டால் அரைச் சுற்று பின்வாங்குங்கள். தள்ளி வைத்தால் கை கொடுக்கும் முழு விசையும் ஷிஃப்ட் ஃபோர்க்கில் (கியர்பாக்ஸுக்குள் கியரைத் தள்ளும் கவை) போய் நிற்கும். நெருக்கி வைத்தால் கியர் முழுதாக விழாது, ஓட்டத்தில் கழன்றுகொள்ளும்.