சோற்றைக் குறைக்கலாம், மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு

பேலியோ, கீட்டோ என்று எந்தப் பெயரில் கேட்டிருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: மாவுச்சத்தைக் குறைப்பது. உணவியல் ஆலோசகராகத் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து ஆட்களோடுதான் என் வேலை. அதனால் பதில்களும் சோறு தின்கிற ஊருக்கான பதில்களாகவே இருக்கும். நீங்கள் அனுப்பியவற்றில் ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஒரத்தநாட்டிலிருந்து ஒரு தம்பி: அக்கா, காலையில் 100 பாதாம், மதியம் கோழி, ராத்திரி பனீர். சோற்றைத் தொடவே இல்லை. இரண்டு வாரத்தில் 4 கிலோ குறைந்துவிட்டது. அவ்வளவும் கொழுப்புதானே?

பெரும்பகுதி தண்ணீர், தம்பி. கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சுமார் 400, 500 கிராம் மாவுச்சத்து எப்போதும் இருப்பில் இருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் இருப்பு கரைகிறது, தண்ணீரும் சிறுநீரில் போய்விடுகிறது. கூடவே உப்பும் போவதால்தான் முதல் வாரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு எல்லாம். கொழுப்பு கரைவது அதற்கப்புறம், மெதுவாக. எடையை மட்டும் பார்க்காமல் இடுப்பு அளவையும் டேப் வைத்துக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

100 பாதாம் என்பது ஏறக்குறைய 120 கிராம், 700 கலோரி. ஒரு முழுச் சாப்பாடு அது. அதைத் தின்றுவிட்டுக் 'காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை' என்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இந்த 100 பாதாம் கணக்கு வேண்டாம். கல் உருவாகக் காரணமாகிற ஆக்சலேட் பாதாமில் அதிகம்.

மன்னார்குடியிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 61 வயது. பல வருஷமாகச் சர்க்கரை. இரண்டு மாத்திரை, ராத்திரி இன்சுலின். வீடியோ பார்த்துவிட்டு நாளையிலிருந்து சோறே கிடையாது என்கிறார். விடலாமா?

நாளையிலிருந்து வேண்டாம் என்று சொல்லுங்கள். மாத்திரைச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அதில் கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு என்று இருந்தால், அந்த மாத்திரை நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான், போட்ட அளவுக்கு வேலை செய்யும். தட்டில் சோறு இல்லை, மருந்து மட்டும் பழைய அளவில் என்றால் விடியற்காலையில் லோ சுகர் ஆகிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்க வேண்டும். முழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' என்று முடிகிற மாத்திரை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து. அதோடு மாவுச்சத்தையும் அடியோடு நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலப் பொருள்களைப் பெருக்கும். ரத்தம் அமிலமாகிற அளவுக்குப் போகலாம். இதில் வம்பு என்னவென்றால், வீட்டுக் கருவியில் சர்க்கரை 200-க்குக் கீழேயே காட்டும். 'சுகர் நன்றாகத்தானே இருக்கிறது' என்று விட்டுவிடுவார்கள். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வேக மூச்சு வந்தால் கருவியை நம்பி உட்காராதீர்கள். மருத்துவமனையில் மாத்திரை பெயரைச் சொல்லிக் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரஷர் மாத்திரையும் உண்டென்றால், உப்பும் தண்ணீரும் இறங்கியதும் பிரஷரும் இறங்கும், எழுந்து நிற்கும்போது தள்ளாடும். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் இந்த உணவுமுறையைத் தானாகத் தொடங்கவே கூடாது.

இவ்வளவு சொன்னதால் அப்பா சோற்றைக் குறைக்கவே கூடாது என்று நினைக்க வேண்டாம். குறைத்தால் சர்க்கரை கட்டுக்குள் வர உதவும், மாத்திரைகூடக் குறையலாம். எந்த மருந்தை எவ்வளவு இறக்குவது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு தொடங்கட்டும்.

குத்தாலத்திலிருந்து: இதெல்லாம் புது மோகம்தானே?

இல்லை. 1863-இல் லண்டனில் சவப்பெட்டி செய்யும் தொழிலிலிருந்த வில்லியம் பான்டிங், ரொட்டியையும் சர்க்கரையையும் விட்டு இளைத்த கதையைச் சிறு பிரசுரமாகவே போட்டார். கீட்டோ 1921-இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக வந்தது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். எடைக் குறைப்புக்கு அது பிற்பாடு வந்து சேர்ந்தது.

பாபநாசத்திலிருந்து ஓர் அம்மா: கஞ்சி வடித்துச் சமைத்தால் சோற்றில் சர்க்கரை போய்விடுமாமே? பழைய சோறு ஏற்றாதாமே?

வடிக்கும்போது கொஞ்சம் மாவு போகும், அவ்வளவுதான். 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து எப்படியும் இருக்கும். தட்டில் குவிக்கிற 400 கிராமுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கீட்டோக்காரர்களின் ஒரு நாள் வரம்பே 20 முதல் 50 கிராம்தான். கஞ்சியோடு உண்மையில் போவது பி வைட்டமின்கள், அதுவும் கழுநீர்த் தொட்டி வழியாக மாட்டுக்கு. ஆறிய சோற்றில் கொஞ்சம் மாவு செரிக்காத வகையாக மாறுவது உண்மை. அதை நம்பி இரண்டு சட்டி பழையது சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

புழுங்கல் அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அண்டாவில் நெல்லை ஊறவைத்து அவித்து, களத்தில் கொட்டி, காலால் கோடு கோடாகக் கிளறிக் காயவைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். உமியோடு அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்த பல இடங்களில் பி1 குறைவால் வரும் பெரிபெரி என்ற நோய் கால்களை முடக்கியது. ஜாவாவில் கோழிகளை வைத்து இதன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிய டச்சு மருத்துவர் எய்க்மானுக்கு 1929-இல் நோபல் கிடைத்தது. நம் குன்னூரில் பிரிட்டிஷ் மருத்துவர் மெக்காரிசன் 1918-இல் ஆய்வு தொடங்கியதும் இந்தப் பெரிபெரிக்காகத்தான். அதுவே வளர்ந்து இன்று ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

கருப்பு கவுனி, மாப்பிள்ளை சம்பா சாப்பிட்டால் அளவு பார்க்க வேண்டாமா?

வேண்டும். நார்ச்சத்து கூடுதல், சர்க்கரை மெல்ல ஏறும். ஆனாலும் சமைக்காத அரிசியின் எடையில் முக்கால் பங்கு மாவுச்சத்துதான். விலையை நினைத்தாலே கை தானாக அளந்து போடும் என்பது வேறு விஷயம்.

மயிலாடுதுறையிலிருந்து: நாங்கள் சைவம். சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தில் எதை வைப்பது?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) நாடு முழுக்க எடுத்த கணக்கில் நம் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதம் குறைவு. சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் சப்பாத்தியோ ஓட்ஸோ வைத்தால் பெரிய லாபம் இல்லை. புரதம் வர வேண்டும். 60 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம்.

அது நம் வயலிலேயே இருக்கிறது. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னால், ஈரம் காயுமுன், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பார்கள். அறுத்த தாளுக்கு நடுவே முளைத்துப் பனியிலேயே விளைந்துவிடும். 100 கிராம் உளுந்தில் 23 கிராம் புரதம். நாமோ நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு போட்டு இட்லி ஊற்றிவிட்டு, உளுந்து சாப்பிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அடைக்குப் பாதிக்குப் பாதி பருப்பு போடுங்கள். சுண்டலை நவராத்திரிக்கு மட்டும் ஒதுக்காதீர்கள். சோறு ஒரு கிண்ணம், அதே அளவு கூட்டு, வாழைத்தண்டு இரண்டு மடங்கு, தயிர். அசைவக்காரர்கள் நாகப்பட்டினத்து மத்தி மீனைக் குழம்பாக வைத்தால் புரதத்தோடு ஒமேகா-3 கொழுப்பும் கிடைக்கும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: நடவு வேலைக்குப் போகிறேன் அக்கா. எப்போதும் அசதி. நானும் சோற்றை விட வேண்டுமா?

விடாதீர்கள். சேற்றில் குனிந்து நாள் முழுக்க நடுகிற உடம்புக்குச் சோறு வேண்டும். அசதிக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாக ஏறாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரையில் எலுமிச்சை பிழிந்தால் நன்றாக ஏறும். ரேஷன் அரிசியில் நிறம் மாறி மிதப்பதைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிய வேண்டாம். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாவில் செய்த மணிகள் அவை, 100-க்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தவை.

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் கீட்டோ இருக்கலாமா?

கூடாது.

கும்பகோணத்திலிருந்து: தொடங்குமுன் என்ன ரத்தப் பரிசோதனை?

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், கொழுப்பு அளவு. கொழுப்பை மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். நெய்யும் வெண்ணெயும் கூடும்போது சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு தடதடவென்று ஏறும். அப்படி ஏறினால் நெய்யைக் குறைத்து நல்லெண்ணெய், கடலை, மீன் பக்கம் திரும்ப வேண்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருஷமாகப் போடுகிறவர்கள் பி12-ஐயும் சேர்த்து எடுங்கள். அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கும். பாதம் மரத்துப்போவதற்குச் சர்க்கரை காரணமா, பி12 காரணமா என்பது அப்போதுதான் தெரியும்.